மாரிகுப்பம் வண்டி

பெங்களூர் கன்டோன்மென்ட் நிலையத்தில் மாலை வண்டி முழுதாக நிற்பதற்குள் கைக்குட்டைகளும் டிபன் பைகளும் ஜன்னல் வழியே உள்ளே பாய்ந்தன. நான் கூட்டத்தோடு ஏறி, காலியாகத் தெரிந்த ஓர் இடத்தில் உட்கார்ந்தேன். எதிரே சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "அண்ணா, அது உரிகம் ஆளோட சீட்டு. கே.ஆர்.புரத்துல ஏறுவாரு."

எழுந்துகொண்டேன். பக்கத்து இடத்துக்கும் ஆள் இருந்தது. அந்தப் பெட்டியில் காலியிடம் என்று எதுவுமே இல்லை. இன்னும் ஏறாதவர்களின் இடங்கள்தாம் இருந்தன. கதவோரம் நின்றேன். கே.ஆர்.புரத்தில் உரிகம் ஆள் ஏறினார். ஐம்பதை ஒட்டிய வயது, செக்யூரிட்டி சீருடை, கையில் சுருட்டிய தொப்பி. உட்கார்ந்ததும் அவர் கைக்குச் சீட்டு வந்தது. மூன்று பேரின் முழங்கால்மேல் ஒரு செய்தித்தாள், அதுதான் மேசை.

"கே.ஜி.எஃப்.பா? பட லொக்கேஷன் பாக்கவா?" என்று கேட்டார் பக்கத்தில் நின்ற இளைஞர். இல்லை, ஊரைப் பார்க்க என்றேன். "ஊர்ல இன்னா இருக்குது?" என்று சிரித்தார். பெங்களூர் நண்பர் ஒருவரும் மதியம் இதையேதான் கேட்டிருந்தார். அவர் கேட்டபோது எரிச்சல் வந்தது. ஊர்க்காரரே கேட்டதும் பதில் வரவில்லை.

கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். அதைத் தினமும் போய்வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இருட்டோடு கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்பும் காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், துணிக்கடை விற்பனையாளர்கள், நர்ஸ்கள், வொயிட்ஃபீல்டு கம்பெனிகளில் கணினி முன் உட்காருகிறவர்கள். இதில் ஒரு பழைய கணக்கு உறுத்துகிறது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து, 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்துக்கொண்டுவந்தது இந்த ஊரின் தங்கச் சுரங்கங்களுக்காகத்தான். பெங்களூர்த் தெருவிளக்குகளில் மின்சாரம் எரிய 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விளக்கை முதலில் பார்த்த ஊர், பின்னால் பார்த்த ஊரின் வாசலில் இரவுக் காவல் நிற்கிறது.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லாட்ஜில் தங்கினேன். நூறு வருஷத்துக்கு முன்பே கட்டம் போட்டு நேர்நேராக அமைத்த தெருக்கள். காலையில் டீக்கடையில் கேட்ட தமிழ் வேலூர்ப் பக்கத்துத் தமிழ். வட ஆற்காட்டிலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து, ஆள்பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பேசுவது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் இங்கே ஆழமாகத் தோண்டத் தொடங்கியபோது கீழே இறங்கியவர்கள் அவர்கள்தாம். தமிழகத்துக்கு வெளியே இருந்துகொண்டு அ.தி.மு.க.வையும் மார்க்சிஸ்டையும் இந்தியக் குடியரசுக் கட்சியையும் வெவ்வேறு காலங்களில் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி வேறு எங்காவது இருக்கிறதா, தெரியவில்லை.

டீக்கடைக்காரம்மா ஒரு பெரியவரைக் காட்டி, "மைன்ஸ் பத்தினா இவரைக் கேளுங்க, நாள் பூரா சொல்வாரு" என்றார். அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 24 வருஷம் வேலை பார்த்தவர். கையோடு என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். லைன் வீடு: சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை, ஓர் அறை, முன்னால் பிறகு சேர்த்துக் கட்டிய தகரத் தாழ்வாரம்.

"ஒரே கூண்டுல கீழ போயிட முடியாது சார். ஒண்ணுல எறங்கணும், நடக்கணும், இன்னொண்ணுல ஏறணும்" என்றார். அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். குளிர்காற்றை மேலிருந்து அனுப்புவார்கள். அது அங்கே போய்ச் சேர்வதற்குள் வெந்நீர் ஆவியாகிவிடும் என்று சொல்லி, தாமே சிரித்து, இருமினார். அந்த இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் சிலிக்கோசிஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதைத் தூசி என்கிறார்.

பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை இங்கே 'ஏர்பிளாஸ்ட்' என்பார்கள். கீழே அது நிகழும்போது மேலே வீடு ஆடும், பரண்மேல் பாத்திரம் உருளும். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கம் பார்ப்பார்களாம். "எந்த வீட்டுக்காரன்னு தெரியற வரைக்கும் யாரும் உள்ள போகமாட்டாங்க" என்றார் அவர் மனைவி.

இத்தனையும் கேட்டபிறகு, சுரங்கத்தை மூடியது ஒருவகையில் நல்லதுதானே என்றேன். அசட்டுக் கேள்வி. இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் அது எனக்கு விளங்கிவிட்டது.

"தொறந்தா நாளைக்கே எம் பையனை அனுப்புவேன்" என்றார் பெரியவர்.

இந்தப் பதிலை இரண்டு நாளில் ஐந்தாறு பேரிடம் கேட்டேன். நுரையீரலைத் தின்ற வேலைக்கு ஏன் இப்படி ஏங்குகிறார்கள் என்று வெளியிலிருந்து வருகிறவர் வியக்கலாம். ஆனால் அந்த வேலையோடு வீடு வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, சங்கம் வந்தது. 1930-இல் கைரேகை எடுக்கவந்த கம்பெனியை எதிர்த்து 21 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்கள் இவர்களின் பாட்டனார்கள். தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களைத் தேடி அச்சிட்டுக் காப்பாற்றியதில் சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலைக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் வழிவந்த ஜி. அப்பாதுரையார் இங்கிருந்துதான் எழுதினார். பகலெல்லாம் பாறை உடைத்துவிட்டு மாலையில் பௌத்தம் பேசிய ஊர். இது தமிழ்நாட்டிலேயே பலருக்குத் தெரியாது. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். அதுவும் அப்படித்தான்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்களை மூடினார்கள். 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் கொடுத்த நிலம் அது. கடைசியில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம்தான் தேறியது. தங்கம் அப்போது உலகச் சந்தையில் மலிவாகக் கிடந்தது. எடுக்க ஆன செலவோ விற்ற விலையைப் போலப் பல மடங்கு. அதற்குப் பிறகு தங்கத்தின் விலை எங்கே போயிருக்கிறது என்று நமக்குத் தெரியும். இங்கேதான் கே.ஜி.எஃப்.காரர்கள் நம்மிடமிருந்து வேறுபடுகிறார்கள். சவரன் விலை ஏறினால் பெண்ணைப் பெற்றவர்கள் ஊரெங்கும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே டீக்கடையில் செய்தித்தாளை விரித்துவைத்து, "இவ்ளோ வெலைக்கு இனிமே தொறக்காம இருப்பானா?" என்கிறார்கள். மானாவாரிக்காரன் மேகத்தைப் பார்ப்பதுபோல இவர்கள் தங்கத்தின் விலையைப் பார்க்கிறார்கள்.

நம்பிக்கை அறுபடாமல் இருக்க அவ்வப்போது ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. சுரங்கத்தை உலக டெண்டரில் விடலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மண்ணுக்கடியில் இன்னும் தங்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது ஒன்றிய அரசு. மேலே கிடக்கும் நிலத்தில் தொழிற்பேட்டை அமைக்கலாம் என்றது மாநில அரசு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, 13 சயனைடு மேடுகளைக் கிளறித் தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மேடுகளில் 3.3 கோடி டன் கழிவு மண் இருக்கிறதாம். மூடிய சுரங்கத்தைத் திறப்பதைவிட இது நடக்கக்கூடியதுதான். ஆனால் மேட்டைக் கரைக்க இயந்திரம் போதும். லைன் வீடுகளிலிருந்து எத்தனை பேரைக் கூப்பிடுவார்கள் என்பது வேறு விஷயம். இதைப் பெரியவரிடம் நான் சொல்லவில்லை.

மறுநாள் ஆட்டோவில் சயனைடு மேட்டுக்குப் போனேன். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மிச்சம். மங்கலான பழுப்பு, மழை அரித்து ஏற்படுத்திய ஓடைகள், தொட்டால் முகப்பவுடர் போல உதிரும் மண். காற்றுக்காலத்தில் இது எழுந்து வீடுகளுக்குள் வருகிறது, சோற்றில் விழுகிறது. மேட்டின்மேல் நான்கு இளைஞர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு, தோளில் ஒரு கட்டையைச் சாய்த்து, மெதுவாக நடந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2018-இலும் 2022-இலும் வந்த 'கே.ஜி.எஃப்.' கன்னடப் படங்களின் உபயம். அந்தப் படத்தில் வரும் அடிமைச் சுரங்கமும் அதன் முதலாளிக் குடும்பமும் இங்கே இருந்ததில்லை. இங்கே இருந்தது லண்டன் கம்பெனி, 1956-க்குப் பிறகு அரசாங்கம். 'தங்கலான்' படம் வந்தபோதாவது நம் பாட்டன் கதை என்று சிலர் தியேட்டருக்குப் போயிருக்கிறார்கள். ஆட்டோக்காரர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தார்: "படம் பொய்யோ நெஜமோ, சவாரி வருது சார்."

வெளியாட்கள் இந்த ஊரைப் பார்க்கும் விதத்தில் எனக்குப் படத்தைவிட உறைத்தது வேறொன்று. 2012 நவம்பரில், கூடங்குளம் அணு உலையின் கழிவைக் கோலார் சுரங்கங்களில் வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு பேச்செடுத்தது. ஊர் கொதித்தெழுந்தது. அப்படி ஒரு திட்டமே இல்லை என்று டெல்லி பின்வாங்கியது. ஆட்டோக்காரர் அப்போது பள்ளிக்கூடப் பையன், ஊர்வலத்தில் போயிருக்கிறார். "காலியா குழி இருக்குது, ரொப்பிக்கலாம்னு நெனச்சிட்டானுங்க. மேல மனுசன் கீறான்னு தெரியல போல" என்றார். படம் எடுத்தவர்கள்மேல் அவருக்குக் கோபமே இல்லை. இதில் மட்டும் குரல் மாறியது.

இப்போது புதிதாக ஒரு பேச்சு: பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை. பேத்தமங்கலத்தை ஒட்டிப் போகிறது. கர்நாடகப் பகுதியில் 2024 டிசம்பர் முதலே வண்டிகள் ஓடுகின்றன. நிலத்தின் விலை ஏறுகிறது, கம்பெனிகள் வரும் என்கிறார்கள். நிலம் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல செய்தி. லைன் வீட்டுக்காரர்கள் எந்தக் காலத்தில் நிலம் வைத்திருந்தார்கள்?

திரும்பும் நாள் விடியுமுன்பே மாரிகுப்பம் நிலையத்துக்கு வந்துவிட்டேன். பனியில் ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் கறுப்பாக நின்றது. நடைமேடையில் என்னருகே தலையில் ஈரம் காயாமல் ஒரு பெண் நின்றிருந்தார். வொயிட்ஃபீல்டில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. தாத்தா நந்திதுர்க் சுரங்கம், அப்பா சாம்பியன் ரீஃப். மைன்ஸ் திறப்பார்களா என்று அவரிடமும் கேட்டேன்.

"அப்பா கேட்டா திறப்பாங்கன்னு சொல்லுவேன்" என்றார். "எனக்கு இந்த வண்டியில இன்னும் ரெண்டு பெட்டி சேத்தா போதும் சார். டிசம்பர்ல மூணு மாசம் உண்டாயிருந்தப்போ நின்னுட்டே போனேன்."

வண்டி வந்தது. ஏறி, இந்த முறை எங்கும் உட்காராமல் கதவோரமே நின்றேன். சாம்பியனில் கைக்குட்டைகள் விழுந்தன. உரிகத்தில் சீட்டுக்கட்டுக்காரர் ஏறினார், என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"உக்காருங்கண்ணா. உரிகம் ஆளு இன்னிக்கு லீவு" என்றார். "பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்காரு. நகை எடுக்க வேலூர் போயிருக்காரு."