பஞ்சிகாவத்தையில் ஒரு பகல்

யாழ்ப்பாணத்து இரவுப் புகைவண்டி விடியும் வேளையில் எம்மை மருதானையில் இறக்கிவிட்டது. கொழும்புக்கு வருவோர் காலிமுகக் கடற்கரையையும் கடைவீதிகளையும் காண வருவர். நாமோ ஓர் எஞ்சினைத் தேடி வந்தோம்.

எம் தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் கார் ஒன்று வீட்டில் உண்டு. 1958 ஆம் ஆண்டு வண்டி; 948 சி.சி. எஞ்சின், புதிதாயிருந்த நாளில் அதற்கு 37 குதிரைவலு. இன்று எத்தனை குதிரைகள் எஞ்சியுள்ளனவோ, யாமறியோம். பெற்றோலுக்குப் போட்டியாக எண்ணெயையும் குடிக்கின்றது. ஆயினும் அன்னையாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேறு வண்டி எம்மிடம் இல்லை. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கியது உண்மையே. புதிய வண்டிகளின் விலையைக் கேட்டுவிட்டு மைனரின் தூசியைத் துடைக்கலானோம்.

நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றது பஞ்சிகாவத்தை. இருமருங்கும் இரும்பு! கதவுகளும் விளக்குகளும் கடைவாயில்களில் தொங்குகின்றன. யப்பானில் ஓடி ஓய்ந்த வண்டிகளின் எஞ்சின்கள் நடைபாதை வரை வந்து குந்தியிருக்கின்றன. தமிழும் சிங்களமும் கலந்து விலை பேசும் குரல்கள். எங்கும் கரிய எண்ணெயின் மணம். பழைய வண்டி வைத்திருப்பவர் எவ்வூரவராயினும் என்றேனும் ஒருநாள் இத்தெருவுக்கு வந்தே தீருவார்.

எமது நாட்டம் டற்சன் 1200 காரின் 'ஏ 12' எஞ்சின் மீது. 1171 சி.சி.; ஏறத்தாழ 68 குதிரைவலு. மைனரில் இதனைப் பொருத்தியோர் பல நாடுகளில் உளர். இடத்துக்கும் குறைவில்லை. அக்காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் அகன்ற எஞ்சின் ஒன்றையே முதலில் மனத்திற் கொண்டிருந்தார். அது கைவிடப்பட்டது, 1948 இல் கார் வேறோர் எஞ்சினுடன் வெளிவந்தது. அவர் விட்ட இடம் இன்று எமக்கு உதவுகின்றது. இன்னுமொரு விந்தை: நிசான் நிறுவனம் 1950களில் ஒஸ்ரின் கார்களை உரிமம் பெற்று யப்பானிற் செய்து தொழில் பழகியது. ஆகவே இவ்வெஞ்சின் மைனருக்குள் புகுவது, மாணவன் குருவின் வீட்டுக்கு வருவதை ஒக்கும்.

மூன்றாவது கடையில் எஞ்சின் அகப்பட்டது. விலையும் எம் கைப்பணத்துள் அடங்கியது. நாம் மகிழ்ந்து நிமிர்ந்தபோது, உடன் வந்திருந்த மைத்துனர் காகிதமும் பேனாவும் எடுத்தார். சுன்னாகத்தில் கராச் நடத்துபவர் அவர். டற்சனின் கியர்பெட்டி, அதனைத் தாங்கும் குறுக்குச் சட்டம், எஞ்சின் தாங்கிகள், வெட்டிக் குறுக்க வேண்டிய சுழல்தண்டு, புகைக்குழாய், பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றும் அலைச்சல் என்று தாள் நிறைந்தது.

"எஞ்சின் மலிவுதான், அத்தான்; அதன் சுற்றத்தார்தாம் செலவு" என்றார்.

நரைத்த தாடியுடைய கடை முதலாளி அதுவரை பேசாதிருந்தவர், "தம்பி, பிறேக் எப்படி?" என்று வினவினார்.

நாம் விடை கூறவில்லை. 37 குதிரைகளை அடக்கவென்று அமைந்த ஏழு அங்குலப் பிறேக் அது. சென்ற வாரந்தான் மைத்துனர் முன்சக்கரத்தை ஜக்கினால் உயர்த்தி, கையால் அசைத்துக் காட்டியிருந்தார். மைனரின் முன்புறத்தில் சுருள்வில் இல்லை. நீண்ட உருக்குக் கோல்கள் முறுகியே பாரத்தைத் தாங்குகின்றன. அது நல்ல ஏற்பாடு. ஆனால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்மூட்டு திருகுபுரியால் ஆனது. கிறீஸ் இடத் தவறினால் புரி தேயும். முற்றிலும் தேய்ந்தால் ஓடும்போதே மூட்டுக் கழன்று சக்கரம் மடிந்துவிடும். எமது வண்டியில் அது பெரிதும் தேய்ந்திருந்தது. அதையறிந்தும் எஞ்சின் ஆசையில் மறந்திருந்தோம். அன்னையார் அமர்வதோ முன்னிருக்கையில்!

எஞ்சினை அக்கடையிலேயே விட்டோம். புதிய மூட்டுகளும், 1962 இன் பின் வந்த மைனருக்குரிய எட்டு அங்குல முன்பிறேக் தொகுதியும், பழைய எஞ்சினுக்குப் பிஸ்டன் வளையங்களும் வாங்கினோம். மிகுந்த பணம் டற்சனுக்கென மடித்து வைக்கப்பட்டது. வாசலைக் கடக்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அன்றிரவே திரும்பினோம். அநுராதபுரத்தில் புகைவண்டி குலுங்கி நின்றபோது, இருக்கையின் கீழிருந்த பொதி நகர்ந்து எதிரே உறங்கிய முதியவரின் காலில் இடித்தது.

"என்ன தம்பி இது, இவ்வளவு பாரம்?"

"மொறிஸ் மைனருக்குப் பிறேக், ஐயா."

"எத்தனையாம் ஆண்டு வண்டி?" என்று கேட்டபடியே எழுந்து உட்கார்ந்தார். கிளிநொச்சி கடந்தும் அவர் உறங்கவில்லை. எம்மையும் உறங்க விடவில்லை.