ஒரே சட்டியில் ஒரு துண்டு கறி

ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் மிகச் சுலபமானது என்று பெயரெடுத்தது ஸ்டேக்கும் உருளைக்கிழங்கும். ஒரு துண்டு மாட்டிறைச்சி, நாலு உருளைக்கிழங்கு, உப்பு, மிளகு, கொஞ்சம் வெண்ணெய். அரை மணி நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும். வேலை முடிந்து களைத்து வருபவர்களுக்கும் சமையல் தெரியாதவர்களுக்கும் இதைத்தான் சிபாரிசு செய்வார்கள். கழுவ வேண்டியது ஒரே ஒரு சட்டி என்பது கூடுதல் கவர்ச்சி.

பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகை இணைப்புக்காக இப்படி ஒரு குறிப்பை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். ஸ்டேக் என்பதற்கு அகராதி தருவது சொல் அல்ல, விளக்கம். அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் பழைய நார்ஸ் மொழி. கம்பியில் குத்தி நெருப்பில் வாட்டுவது என்று பொருள். அப்படிப் பார்த்தால் நமக்குப் புதிய சமாசாரம் அல்ல. பொருநராற்றுப்படையில் கரிகாலன் விருந்தில் உட்கார்ந்த பொருநன், இரும்புக் கம்பியில் சுட்ட கொழுத்த கறியைச் சூடு தாங்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தின்கிறான். முதுகலை வகுப்பில் எங்களுக்கு இது பாடம். 'காழ்' என்றால் கம்பி என்பது பரீட்சைக்கு வந்தது. கறியைப் பற்றி யாரும் பேசவில்லை. 'சூட்டிறைச்சி' என்று எழுதிப் பார்த்தேன். தலைவலிக்குப் பற்றுப் போடுவது போல இருந்தது. ஸ்டேக் ஸ்டேக்காகவே அச்சேறியது.

ஆனால் அடுத்த சொல்லான பீஃபை அப்படி விட முடியவில்லை.

தமிழில் மாடு என்றால் பசுவும் உண்டு, எருதும் உண்டு, எருமையும் உண்டு. மாட்டுக்கறி என்று சொல்லிவிட்டால் எது என்று யாரும் கேட்பதில்லை. கேரளத்தில் எருமைக் கறியையும் பீஃப் என்றே சொல்கிறார்கள். தில்லிக்கு வந்தால் சொற்கள் வேலி போட்டுக்கொண்டு நிற்கின்றன. இங்கே கசாப்புக் கடையில் கேட்க வேண்டியது 'படே கா கோஷ்த்', அதாவது பெரியதின் கறி. 'சோட்டே கா' என்றால் ஆடு. பெரியது என்பது எருமை. ஆனால் எருமை என்ற சொல்லைக் கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் சொல்வதில்லை. நல்ல ஓட்டல்களின் மெனுவில் அதே கறிக்கு 'டெண்டர்லாயின்' என்று பெயர். விலங்கின் பெயரை மறைத்துவிட்டு உறுப்பின் பெயரை மட்டும் போடுகிறார்கள். ஏற்றுமதிக்காரர்கள் 'காராபீஃப்' என்பார்கள். உலகில் எருமை இறைச்சியை மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாட்டின் தலைநகரில் அதன் பெயர் இத்தனை வேடம் போடுகிறது.

காரணம் சட்டம் மட்டும் அல்ல. 1994-ஆம் வருடத்துச் சட்டப்படி தில்லியில் பசு, கன்று, காளை, எருது ஆகியவற்றை வெட்டக் கூடாது. அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். எருமை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நான் சமைக்கும் ஸ்டேக்கில் சட்டத்துக்குப் புறம்பாக ஒன்றும் இல்லை. இதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் 2015 வரை நினைத்திருந்தேன்.

அந்த வருடம் செப்டம்பர் 28-ஆம் தேதி இரவு, உத்தரப் பிரதேசத்தில் தாத்ரிக்குப் பக்கத்தில் பிசாஹடா கிராமத்தில், முகம்மது அக்லாக் என்பவரை ஒரு கும்பல் வீடு புகுந்து அடித்துக் கொன்றது. பசுவைக் கொன்று கறியை வீட்டில் வைத்திருக்கிறார் என்று வதந்தி. தில்லியிலிருந்து காரில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடக்கூடிய தூரம். ஆங்கிலச் செய்தியில் பீஃப் என்று இருந்தது. 'மாட்டிறைச்சி' என்று எழுதினால், எல்லா ஊர்க் கடையிலும் தொங்குகிற ஒன்றுக்காகவா ஒரு மனிதரைக் கொன்றார்கள் என்று ஆம்பூரில் இருப்பவருக்குப் புரியாது. 'பசு இறைச்சி' என்று எழுதினாலோ, கும்பலின் குற்றச்சாட்டு என் வாக்கியத்தில் உண்மையாகிவிடும். கடைசியில் 'வைத்திருந்ததாக' என்பதன் வாலில் இருக்கும் அந்த 'ஆக'வை நம்பித்தான் செய்தியை அனுப்ப வேண்டியிருந்தது. அவ்வளவு சின்ன ஒட்டின் மேல் அவ்வளவு பெரிய பாரத்தை நான் அதற்கு முன் ஏற்றியதில்லை. கைப்பற்றிய கறியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆட்டுக்கறி என்றது முதல் அறிக்கை. பசு அல்லது கன்றின் கறி என்றது 2016-ல் வெளிவந்த மதுரா ஆய்வகத்தின் அறிக்கை. இறந்தவரின் வீட்டில் இருந்தது எந்த விலங்கு என்ற விவாதம், அவரைக் கொன்றது யார் என்ற விவாதத்தைவிட உரக்க நடந்தது.

ஒரு மாதம் ஆவதற்குள், அக்டோபர் 26-ஆம் தேதி, தில்லியில் கேரள அரசின் விருந்தினர் இல்லமான கேரளா ஹவுஸ் கேன்டீனுக்குப் போலீஸ் வந்தது. மெனுவில் பீஃப் இருக்கிறது என்று ஒரு புகார். இருந்தது எருமைக் கறி. மலையாளிகள் வழக்கம்போல் அதை பீஃப் என்று எழுதியிருந்தார்கள். கேரள முதல்வர் உம்மன் சாண்டி பிரதமருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு விஷயம் போயிற்று. அந்தப் பதார்த்தம் கொஞ்ச நாள் காணாமல் போய்விட்டு மெனுவுக்குத் திரும்பிவந்தது. ஒரு மொழிபெயர்ப்புப் பிரச்சினைக்குப் போலீஸ் வந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இனி கறிக்கு வருகிறேன்.

நான் வாங்குவது நிஜாமுதீன் பஸ்தியில். கேட்க வேண்டிய சொல் 'அண்டர்கட்'. வெள்ளைக்காரன் விட்டுப்போன இந்தச் சொல் இந்தியக் கசாப்புக் கடைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. முதுகெலும்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நீளமான தசை அது. நடப்பதற்கோ இழுப்பதற்கோ உதவாததால் கடைசிவரை மெத்தென்று இருக்கும். இது முக்கியம். அமெரிக்கக் குறிப்புகள் மனத்தில் வைத்து எழுதுவது தானியம் தின்று கொழுத்த இளம் மாட்டை. வெட்டிய பிறகு இரண்டு மூன்று வாரம் குளிரில் தொங்கவிட்டுப் பக்குவப்படுத்திய கறியை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பால் வற்றிய எருமை, அன்று அதிகாலை வெட்டியது. கொழுப்பு குறைவு, நிறம் கறுப்புக் கலந்த சிவப்பு. பசுவின் கொழுப்பில் இருக்கும் மஞ்சள் இதில் இருக்காது, பளீரென்று வெள்ளை. வயதான விலங்கின் தசையை மெத்தென்று ஆக்க மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். பழைய தில்லிக்காரர்கள் காலின் தசையை ராத்திரி முழுக்கத் தணலில் வைத்துக் காலையில் நிஹாரி என்று சாப்பிடுவது அதனால்தான். கறி தெரிந்தவர்களின் சமையல் அது. அதே விலங்கில் ஐந்து நிமிட நெருப்புக்கு மசியக்கூடியது இந்த ஒரு தசைதான்.

கடைக்காரர் பெரியவர், சாச்சா என்று கூப்பிடுவேன். அண்டர்கட்டை வாங்கி நான் என்ன செய்கிறேன் என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன்.

"மசாலா?"

"மிளகு மட்டும் சாச்சா."

"கச்ரி தடவி ஊறவைக்கவாவது செய்யுங்கள் பாய் சாஹப்" என்றார். கறியை இளக்க வடக்கே பயன்படும் காட்டு வெள்ளரிப் பொடி கச்ரி. இந்தத் துண்டுக்கு அது வேண்டியதில்லை. தடவினால் மேல்புறம் மாவாகிவிடும். அவரிடம் அதைச் சொல்லவில்லை. நடுப்பகுதியாகப் பார்த்து அரைக் கிலோ வெட்டிக் கொடுத்தார். நான் ஏதோ நல்ல சாமானை வீணடிக்கப்போகிறேன் என்பது முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மேலே போர்வை போல் ஓடும் வெள்ளைச் சவ்வைக் கத்தியால் உரித்து எடுத்துவிட வேண்டும். எவ்வளவு நெருப்புக்கும் அது மசியாது, கறியைச் சுருட்டிவிடும். பிறகு மெல்லிய துணி மூடி இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். வெட்டிய சில மணி நேரத்தில் விறைக்கும் தசை தானாகவே மெல்ல இளகும். மேல்புறமும் காயும். சமைப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு இரண்டு விரல் கனத் துண்டுகளாகப் போட்டு உப்பைத் தூவினால், உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த உப்புத் தண்ணீரைக் கறியே உள்ளே வாங்கிக்கொள்ளும்.

சட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலைநாட்டில் ஒரே சட்டி என்றால் கழுவும் வேலை மிச்சம். நம் வீடுகளில் ஒரே சட்டி என்பது ஒரு கேள்வி. எந்தச் சட்டி? என் மனைவி முட்டையோடு நின்றுவிட்டவள். கல்யாணமான புதிதில் என் வார்ப்பிரும்புச் சட்டிக்குப் பால்கனியில் இடம் ஒதுக்கப்பட்டது. சண்டை எதுவும் இல்லை. அவள் வீட்டில் ஆட்டுக்கறிச் சட்டிக்கே கொல்லைப்புறம்தான் இடம். இது பெரியதின் சட்டி. நானும் கொள்கை பேசிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. முதல் ஆகஸ்ட் மழையில் சட்டி முழுக்கத் துருப்பிடித்தது. தேய்த்து, எண்ணெய் தடவி, அடுப்பில் காய்ச்சி மறுபடி பழக்கினேன். அடுத்த ஆகஸ்டில் மறுபடி துரு. நல்ல இரும்பு இப்படிப் பாழாவதைப் பார்க்கச் சகிக்காமல் அவளே அதை உள்ளே கொண்டுவந்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். தோசைக்கல்லுக்கு இரண்டு தட்டு கீழே.

முதலில் உருளைக்கிழங்கு. டிசம்பரில் வரும் புதுக் கிழங்கு என்றால் தோல்கூடச் சீவ வேண்டாம். கோடை முழுக்கக் கிடைப்பது குளிர்பதனக் கிடங்குக் கிழங்கு. குளிரில் அதன் மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையாகிவிடுவதால் உள்ளே வேகும் முன் வெளியே கருகும். அதனால் துண்டுகளைச் சட்டியில் போட்டு அரைக் கிளாஸ் தண்ணீர், உப்பு, மூடி. தண்ணீர் வற்றும்போது கிழங்கு வெந்திருக்கும். அப்போது எண்ணெய் விட்டு முறுகவிட்டால் போதும். மனைவியின் பங்கு இந்தக் கட்டத்தில் தட்டுக்குப் போய்விடும். என் பங்கைத் தனியே எடுத்துவைத்துவிட்டு அடுப்பைக் கூட்டுகிறேன்.

இனிமேல்தான் பிரச்சினை. சட்டி புகைய வேண்டும். கறியின் மேல்புறம் பழுப்பாவதும் அந்த வாசனையும், பிரெஞ்சு வேதியியலாளர் மையார் 1912-ல் விவரித்த ஒரு வினை. 140 டிகிரிக்குக் கீழே அது சுறுசுறுப்பாக நடக்காது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதால் ஈரக் கறி வேகுமே தவிரப் பழுப்பாகாது. எனவே கறியைத் துடைத்து, புகையும் இரும்பில் வைக்க வேண்டும். மேல்புறத்தை இப்படிச் சுட்டால் சாறு உள்ளே அடைபடும் என்று 19-ஆம் நூற்றாண்டில் லீபிக் சொன்னது தவறு என்று எப்போதோ தெரிந்துவிட்டது. சமையல் புத்தகங்கள் மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சுடுவது ருசிக்காக.

புகை வந்தால் ஜன்னலைத் திறக்க வேண்டும். திறந்தால் வாசனை மாடிக்குப் போகும். மாடியில் வீட்டுக்காரர். குடிவந்தபோது அசைவம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். சிக்கன்தானே என்று அவரே பதிலையும் சொல்லிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். நல்ல மனிதர். மனைவிக்கு ஜுரம் வந்தபோது அவரே காரை எடுத்தார். 2015 அக்டோபரில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்தேன். கண் எரிந்தது, சட்டியைப் பாதிச் சூட்டில் இறக்க வேண்டியதாயிற்று, கறி சாம்பல் நிறத்தில் வந்தது. சட்டப்படி விற்ற கறியைச் சட்டப்படி வாங்கி என் சமையலறையில் ஒளிந்துகொண்டு சமைக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது எட்டு மணிக்குச் சமைக்கிறேன். தில்லியில் அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் கடுகெண்ணெய் காயும். தெருவே புகையும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கறியை வைத்து, பக்கத்துக்கு இரண்டரை நிமிடம். கடைசி ஒரு நிமிடம் வெண்ணெய், நசுக்கிய நாலு பல் பூண்டு, இடித்த மிளகு. உருகும் வெண்ணெயைக் கரண்டியால் கறி மேல் வாரி வாரி விட வேண்டும். நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும்போது எடுத்துவிடுவேன். ரத்தச் சிவப்பாகச் சாப்பிடும் தைரியம் நம் ஊர்க் கடைகளின் ஈக்களைப் பார்த்தவனுக்கு வராது. முழுக்க வேகவிட்டாலோ கொழுப்பில்லாத எருமைக் கறி செருப்புத் தோலாகும். தட்டில் ஐந்து நிமிடம் சும்மா இருக்கட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் என் பங்குக் கிழங்கைச் சட்டிக்குத் திருப்பி அனுப்புகிறேன். அடியில் ஒட்டிய பழுப்பு, பூண்டு, வெண்ணெய் எல்லாவற்றையும் அது துடைத்துக்கொள்ளும்.

முள்கரண்டி எங்கள் வீட்டில் இல்லை. நரம்புக்குக் குறுக்கே சமையல் கத்தியால் வில்லைகளாக நறுக்கிவிட்டு, முனைக்கடைத் தந்தூரி ரொட்டியோடு கையால் சாப்பிடுகிறேன். எதிரே மனைவி தன் கிழங்கைச் சாப்பிடுகிறாள். உன் பங்குதான் நன்றாக முறுகியிருக்கிறது என்று என் தட்டைப் பார்த்துச் சொல்வாள். எடுத்துக்கொள் என்று தட்டை நகர்த்துவேன். வேண்டாம் என்பாள்.