மூன்று வடிவங்கள், ஒரே மன்றாட்டு

எழுதி முடித்த படைப்பைத் திருத்திய கலைஞர், பழைய படியை என்ன செய்ய வேண்டும்? இணைய இசை நூலகங்களில் தம் இசைக்குறிப்புகளைத் தாமே சேர்த்துவைக்கும் இசையமைப்பாளர்களைக் காணும்போதெல்லாம் இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுகிறது. 2006 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஐ.எம்.எஸ்.எல்.பி. நூலகம், காப்புரிமைக் காலம் கடந்த படைப்புகளோடு, தம் ஆக்கங்களை இலவசமாய் வழங்க முன்வரும் இக்காலக் கலைஞரின் படைப்புகளையும் ஏற்கிறது. புதியதைச் சேர்ப்பவர் பழையதை நீக்க விழைவது இயல்பே. ஆயினும், நீக்கலாகாது என்பதே நம் எண்ணம்.

கபிரியேல் ஃபோரேயின் 'ரெக்குயம்' என்னும் இறந்தோர் திருப்பலி இசையை எண்ணிப் பாருங்கள். பாரிசு நகரின் மதலேன் ஆலயத்தில் பாடகர் குழுத் தலைவராய் இருந்த அவர், 1888 சனவரியில் அங்கே நடந்த இறந்தோர் திருப்பலி ஒன்றில் அதனை முதன்முதல் ஒலிக்கச் செய்தார். அன்று அதில் ஐந்தே பகுதிகள். ஆர்கனும் ஹார்ப்பும் தாழ்ந்த தொனியுடைய நரம்புக் கருவிகளுமே முதன்மைத் துணை. 1893 அளவில் அது ஏழு பகுதிகளாய் வளர்ந்தது. 1900 இல் முழு வாத்தியக் குழுவுக்கான வடிவம் அரங்கேறியது. அச்சேறி உலகெங்கும் பரவியது இதுவே. ஆலயத்தில் பிறந்த எளிய வடிவமோ மறைவில் கிடந்தது. 1924 இல் ஃபோரே இறந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே, ஜான் ரட்டர் முதலானோர் அரிதின் முயன்று அதனை மீட்டுப் பதிப்பித்தனர்.

இரண்டையும் ஒலிப்பதிவில் மாறிமாறிக் கேட்டிருக்கிறோம். பெரியது மண்டபத்தை நிறைக்கிறது. சிறியது பேழையருகே முழந்தாளிடுகிறது. எது சிறந்தது எனத் தீர்ப்பிட நமக்கு மனமில்லை. ஆனால் இருபது பேர் மட்டுமே பாடும் ஒரு பங்கிற்கு எட்டுவது சிறியதே. அது மறைந்திருந்த காலமெல்லாம் இழந்தவை இத்தகைய எளிய குழுக்கள் அல்லவா?

குருமடத்தில் கற்ற ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டாம் நூற்றாண்டில் தாசியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் ஒரே நூலாய்ப் பின்னினார். சிரியத் திருச்சபையில் அது நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. எனினும், திருச்சபை நான்கையும் நான்காகவே காத்தது. வேறுபாடு குறையன்று, ஒவ்வொன்றும் தன் மக்களுக்குப் பேசியது.

ஆகவே, இசையமைப்பாளர்களே, உங்கள் வடிவங்கள் அனைத்தையும் அருகருகே வையுங்கள். எழுதிய ஆண்டு, திருத்திய காரணம், வேண்டிய குரல்கள், கருவிகள் ஆகியவற்றைத் தெளிவாய்க் குறியுங்கள். உங்கள் மனம் விரும்புவது எது என்றும் சொல்லுங்கள். தேவைக்கேற்பத் தெரிவு செய்யும் உரிமையைப் பாடுவோரிடம் விட்டுவிடுங்கள். ஃபோரேக்குக் கிட்டாத வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது.