சொல்லப்படுகிறதாம்

ராமன் ராவணனைக் கொன்றான். ராவணன் ராமனால் கொல்லப்பட்டான். பள்ளிக்கூடம் போன யாரும் இந்த ஜோடியைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. தமிழ் வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை. ஆங்கில வகுப்பில் ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ். இந்தப் பக்கம் இருப்பதை அந்தப் பக்கம் தூக்கி வை, நடுவில் ஒரு ‘பை’ போடு, மார்க் வாங்கிக்கொள். அந்த ‘பை’ நிஜ ஆங்கிலத்தில் பெரும்பாலும் இருக்காது என்பதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. ராவணன்கள் கொல்லப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். ராமன் வாக்கியத்துக்குள் வரவே மாட்டான்.

உத்தமபாளையத்தில் வக்கீல்களுக்கு ஆங்கிலத் தாள்களைத் தமிழாக்கித் தருவது என் பிழைப்பு. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையிலிருந்து வரும் உத்தரவு, பத்திரம், நோட்டீஸ் எல்லாம் என் மேஜைக்கு வரும். இந்த வேலையில் எனக்குக் கஷ்டமான சட்டச் சொல் என்று எதுவும் கிடையாது, அகராதி இருக்கிறது. கஷ்டம் கொடுப்பது ஒரு சின்ன ஆங்கில உரிச்சொல்: ‘அலெஜட்லி’.

ஆங்கிலத்தில் அது எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். ‘தி பேக் வாஸ் அலெஜட்லி ஸ்டோலன் பை ஹிம்.’ துணைவினைக்கும் வினைக்கும் நடுவே, பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக ஒண்டிக்கொள்வதுபோல. அதே இடத்தில் ‘க்விக்லி’ என்று போட்டால் மூட்டை எப்படித் திருடப்பட்டது என்று சொல்கிறது. ‘அலெஜட்லி’ என்று போட்டால், திருடப்பட்டதா என்பதே இன்னும் தெரியாது என்று சொல்கிறது. இடம் ஒன்று, வேலை வேறு. ஒன்று வினையைத் தொடுகிறது. இன்னொன்று முழு வாக்கியத்தின் மேலும் ஒரு சந்தேகத்தைப் போர்த்திவிடுகிறது.

தமிழில் அதற்கு நேரான ஒற்றைச் சொல் கிடையாது. ‘அவர் திருடியதாகக் குற்றம் சாட்டப்படும் மூட்டை’ என்று ஒரு துணை வாக்கியத்தையே கட்ட வேண்டும். நீளமாகிறது. நீளமானதும் கத்தரி வருகிறது. தலைப்பில் இடமில்லை, போஸ்டரில் இடமில்லை. ‘ஏலக்காய் திருடியவர் கைது’ என்று அச்சாகிவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே கத்தரிப்பில் குற்றவாளி ஆகிவிடுகிறார். யாரும் பொய் எழுதவில்லை, ஒரு உரிச்சொல்லை மொழிபெயர்க்கவில்லை, அவ்வளவுதான்.

போடிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, பேரனுக்கான ஜாமீன் உத்தரவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏலக்காய் மூட்டை விவகாரம். ‘ஹி இஸ் அலெஜ்டு டு ஹேவ் பீன் ஸீன் நியர் தி கோடவுன்’ என்று ஒரு வரி. அவன் குடோன் பக்கத்தில் காணப்பட்டதாகக் கூறப்படுகிறது என்று வாசித்தேன்.

“யாரு பாத்தது தம்பி?”

“அது இதுல இல்ல ஆத்தா.”

“சரி, யாரு சொல்றது?”

“அதுவும் இல்ல.”

“பாத்தவனும் இல்ல, சொன்னவனும் இல்ல. எம் பேரன் மட்டும் இருக்கான்.”

ஆங்கில இலக்கணம் படித்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ரெய்ஸிங் என்று. ‘இட் இஸ் அலெஜ்டு தட் ஹி வாஸ் ஸீன்’ என்று சொன்னால் முதல் நாற்காலியில் ‘இட்’ என்ற பொம்மை உட்கார்ந்திருக்கும். ஆள் பின்னால் துணை வாக்கியத்துக்குள் இருப்பான். ‘ஹி இஸ் அலெஜ்டு டு ஹேவ் பீன் ஸீன்’ என்றால் அவனை உள்ளேயிருந்து இழுத்து முன்னால் நிறுத்தியாயிற்று. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்று புத்தகம் சொல்லும். ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் முதலில் கண்ணில் படுவது அவன் முகம். தமிழ் இந்த இழுப்புக்கு லேசில் சம்மதிப்பதில்லை. ‘அவன் திருடியதாக நம்பப்படுகிறது’ என்போம். ‘நம்பப்படுகிறான்’ என்றால் காது ஒப்பாது. ‘மேதையாகக் கருதப்படுகிறார்’ மாதிரிப் புகழ்ச்சிக்கு மட்டும் பழகிவைத்திருக்கிறோம்.

அதற்காக, ஆங்கிலம் ஒளிக்கும், தமிழ் ஒளிக்காது என்று நான் கொடி பிடிக்கவில்லை. ‘கண்ணாடி ஒடைஞ்சிருச்சு’ என்று எந்தப் பிள்ளையும் படு சேர்க்காமலே தப்பித்துக்கொள்ளும். படு ஒன்றும் வெள்ளைக்காரன் கொடுத்ததும் இல்லை, தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே இருக்கிறது. ஆனால் அதே தொல்காப்பியர், முன்னோர் சொன்னதைச் சொல்லும் பல இடங்களில், சொல்பவர் புலவர் என்று எழுவாயையும் சேர்த்தே சொல்கிறார். இன்னொன்று: நம் படு வெறும் துணைவினை இல்லை. பாடுபட்டான், அடிபட்டான், கஷ்டப்பட்டான் என்பதில் இருக்கும் அதே படு. ‘கொல்லப்பட்டான்’ என்னும்போது அவன் அனுபவித்தது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. செய்தவன் காணாமல் போனாலும் பட்டவன் மிஞ்சுவான்.

பட்டவன் மட்டும் மிஞ்சிய கதை இந்தப் பள்ளத்தாக்கில் சட்டப் புத்தகமாகவே நடந்திருக்கிறது. 1871இல் வட இந்தியாவுக்காகக் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் புதிதாக எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன் திறவுகோல் ஒரே வாக்கியம். ஒரு கூட்டம் குற்றம் செய்வதற்கு ‘அடிக்டட்’ என்று நம்ப அரசுக்குக் காரணம் இருந்தால், அதைக் குற்றப்பரம்பரை என்று கெஜட்டில் அறிவிக்கலாம். ‘இஸ் அடிக்டட்’ பார்வைக்குப் பாஸிவ், ஆனால் யாரால் என்று கேட்க முடியாது. என்ன காரணம் என்றும் கேட்க முடியாது. அறிவிப்பின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது.

கவனிக்க வேண்டியது அடுத்த தாளில் நடப்பது. முதல் வாக்கியத்தில் ‘நம்ப’ என்று ஒரு வினை, அதன் பின்னால் தொங்கும் ஒரு துணை வாக்கியம். அறிவிப்பு வந்த பிறகு, ஸ்டேஷன் பதிவேட்டில் நம்புவதும் இல்லை, துணை வாக்கியமும் இல்லை. ‘குற்றப்பரம்பரை’ என்ற பெயர்ச்சொல் மட்டும் இருக்கிறது. உசிலம்பட்டியிலும் இந்தப் பள்ளத்தாக்கிலும் பிறமலைக் கள்ளர் வீட்டு ஆண்கள் ரேகை வைத்தார்கள், ராத்திரி ஆஜர் கொடுத்தார்கள். ஊர் அதை ரேகைச் சட்டம் என்றது. பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண் உட்பட. ‘சுட்டுக் கொல்லப்பட்டனர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அடுத்த வருஷமே வழக்கமாகக் குற்றம் செய்பவர்களைக் கட்டுப்படுத்த வேறொரு சட்டம் வந்தது. பரம்பரை போய், ‘ஹாபிச்சுவல்’ வந்து உட்கார்ந்தது. தமிழில் சீர்மரபினர் என்று மரியாதையாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இன்னமும் ‘டீநோட்டிஃபைடு’தான். அறிவித்தவன் பெயரும் இல்லை, அறிவிப்பை எடுத்தவன் பெயரும் இல்லை. இரண்டும் பட்ட பிள்ளைகள் கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் நீட்டுகிறார்கள்.

கம்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தால் வேறொரு இலக்கணம் கேட்கும். “தண்ணி தெறந்துட்டாங்களாம்.” “தெராட்ச வெல எறங்கிருச்சாம்.” “அவெந்தேன் எடுத்தானாம்.” அந்த ‘ஆம்’ ஒரே அசை. நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்று கையொப்பம் போடுவது மாதிரி. ‘அலெஜட்லி’க்கு நான் தேடிக்கொண்டிருந்த சொல் அகராதியில் இல்லாமல் டீக்கடையில் இருந்தது. எழுத உட்கார்ந்ததும் நாம் முதலில் கழற்றி வைப்பது அதைத்தான். கொச்சையாம். அதற்குப் பதிலாகக் ‘கூறப்படுகிறது’ என்று வேட்டி கட்டிக்கொள்கிறோம். ஆனால் ‘ஆம்’ சொல்பவன் தன் பங்கை ஒத்துக்கொள்கிறான். ‘கூறப்படுகிறது’ என்பதற்குப் பின்னால் ஆளே இல்லை.

கோர்ட் தாளில் ‘திருடினானாம்’ என்று நான் எழுத முடியாது, தெரியும். அதனால் என் வேலைக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். ‘கூறப்படுகிறது’ என்று கை எழுதப் போகும்போது நிறுத்தி, தாளைப் பின்னால் புரட்டுவேன். சொன்னவர் எங்காவது அகப்பட்டால், ‘என்று போலீஸ் தரப்பு சொல்கிறது’ என்று வாய்மொழியாக விளக்கும்போதாவது அவரைச் சேர்த்துவிடுவேன். போடிப் பாட்டியிடமும் அப்படித்தான் மறுபடி சொன்னேன். அவர் உத்தரவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: “இப்ப சரி. இப்ப எதுத்துப் பேச ஒரு ஆளு இருக்கு.”