கல்லூரி உத்தியோகம்

நம்மவர் இல்லங்களில் வரன் பேசும்போது, “பிள்ளை கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறான்” என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் விசாரிக்க வேண்டுவதில்லை என்னும் எண்ணம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. பெண்ணுக்கும் அதுவே ஏற்ற வேலை என்பர் பெரியோர். மதிப்பு உண்டு, விடுமுறை உண்டு, மாலையில் நேரத்தோடு வீடு திரும்பலாம், ஓய்வு பெறும்வரை கவலை இல்லை. இந்நான்கினுள் முதலாவதைத் தவிர மற்றவை இக்காலத்தில் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ‘விரிவுரையாளர்’ என்னும் ஒரே பெயருக்குள் நிரந்தரப் பதவியினர், ஒப்பந்தத்தில் இருப்போர், மணிக்கணக்கில் ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர், தனியார் நிர்வாகத்தின் விருப்பத்தையே நம்பியிருப்போர் என நால்வகையினர் அடங்கியிருக்கின்றனர். நால்வரும் ஒரே பாடத்தை நடத்தலாம். ஒரே கரும்பலகையில் எழுதலாம். ஆனால் மாத முடிவில் வீட்டுக்குக் கொண்டுவரும் தொகையும், அடுத்த ஆண்டைப் பற்றிய நம்பிக்கையும் அவர்களுக்குள் வெவ்வேறானவை.

பிள்ளைகளை இவ்வேலைக்கு அனுப்ப விரும்பும் பெற்றோரும், இவர்களிடம் படிக்க அனுப்பும் பெற்றோரும் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

நான் 1979ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையிலிருந்து பாலாநகருக்கு வந்தவன். அப்போது இவ்வட்டாரம் முற்றிலும் தொழிற்சாலைகளின் ஊராக விளங்கியது. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் ஐதராபாத் பிரிவு 1965இல் இங்கே தொடங்கப்பட்டிருந்தது. மத்தியக் கருவி வடிவமைப்பு நிலையம் 1968இல் அமைந்திருந்தது. சோவியத் நாட்டின் உதவியோடு நிறுவப்பட்ட ஐ.டி.பி.எல். மருந்துத் தொழிற்சாலை ஒரு தனி நகரம் போல் இயங்கிற்று. அதே நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைக் கருவித் தொழிற்சாலை சென்னையில் இருந்தது. அருகே கூக்கட்பள்ளியில், 1972இல் தோன்றிய ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக் கழகம். படித்தவருக்குத் தொழிற்சாலையும், தொழிற்சாலைக்குப் படித்தவரும் அடுத்தடுத்தே கிடைத்த காலம் அது.

ஐ.டி.பி.எல். 1992இல் நலிந்த நிறுவனம் என அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதன் பயன் வீண்போகவில்லை. அங்கே பணியாற்றி வேதியியல் உற்பத்தியின் நுணுக்கங்களைக் கற்றவர்களுள் ஒருவரான அஞ்சி ரெட்டி, 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஐதராபாத் இன்று மருந்துத் தொழிலில் பெயர் பெற்றிருப்பதற்கு அப்பழைய தொழிற்சாலையில் பயின்றவர்களும் ஒரு காரணம். ஓரிடத்தில் ஊன்றி நின்று பல ஆண்டுகள் வேலை செய்ய முடிந்ததனாலேயே அவர்களிடம் அறிவு திரண்டது. இதனை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இப்போது காலை ஏழரை மணிக்கு நர்சாபூர் நாற்சந்தியில் நின்று பாருங்கள். மஞ்சள் நிறக் கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மேட்சல், துண்டிகல், பாச்சுபள்ளி முதலிய இடங்களை நோக்கிச் செல்லும். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் பொறியியற் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 2008 முதல் விரிவாக நடைமுறைக்கு வந்த கட்டணத் திருப்பித் தரும் திட்டத்தால், ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே கல்லூரிக்குச் செலுத்தலாயிற்று. எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி தோன்ற இத்திட்டம் உதவியது. அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் அரசின் தொகை காலந்தாழ்த்தி வரும்போது, கல்லூரி முதலில் கை வைப்பது ஆசிரியர் சம்பளத்தில்தான். நிலுவைத் தொகையைக் கேட்டுத் தெலங்கானாவின் தனியார் கல்லூரிகள் 2025 நவம்பரில் கதவடைப்பே செய்தன.

என் மகள் இயந்திரப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்று 2012இல் இவ்வகைக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தாள். சேரும்போதே மூலச் சான்றிதழ்களை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கலாகாது என்று பல்கலைக் கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. ஆசிரியர் சான்றிதழ்களோ அப்போதும் அலமாரியிலேயே இருந்தன. கோடை வந்தால் ஆசிரியர்கள் இண்டர்மீடியட் கல்லூரிகளுக்கும் வீடுகளுக்கும் சென்று மாணவர் சேர்க்க வேண்டும். “பாடம் நடத்தத் தெரியுமா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை அப்பா, எத்தனை அட்மிஷன் கொண்டுவருவாய் என்றுதான் கேட்கிறார்கள்” என்று ஒருநாள் சொன்னாள். 2020இல் பெருந்தொற்று வந்தபோது சில மாதம் பாதிச் சம்பளம்; சில மாதம் அதுவும் இல்லை. மறு ஆண்டு அவளுடைய பிரிவில் மாணவர் சேர்க்கை மிகவும் குறைந்தது. கணினிப் பாடம் கற்பிக்க இசைந்தால் இருக்கலாம், இல்லையேல் வேறிடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கூறிவிட்டனர். ஒன்பதாண்டு உழைத்தவளுக்கு ஒரு மாத அவகாசம்! இப்போது அவள் இயந்திர உறுப்புகளை வடிவமைக்கும் நிறுவனமொன்றில் இருக்கிறாள். சம்பளம் முன்னையினும் அதிகம். ஆயினும் பழைய மாணவர் எவரேனும் தொலைபேசியில் அழைத்துச் சந்தேகம் கேட்டால், இரவு எந்நேரமானாலும் தாளை எடுத்து வரைந்து விளக்கத் தொடங்கிவிடுவாள்.

இஃது அவள் ஒருத்தியின் கதையன்று. கணினிப் பிரிவுகளில் இடங்கள் பெருகப் பெருக, இயந்திரவியல், கட்டடவியல் பிரிவுகள் சுருங்கின. அவற்றின் ஆசிரியர்கள் சிதறினர். இயந்திரத் தொழிலால் வளர்ந்த பாலாநகரின் பக்கத்திலேயே இயந்திரவியல் ஆசிரியர்க்கு இடமில்லாமற் போனதை என்னென்பது!

விதிகளும் ஒரு காரணம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு முன்னர்ப் பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்திருந்தது. 2018இல் அதனை இருபது மாணவருக்கு ஒருவர் எனத் தளர்த்திற்று. ஆண்டுக்கு 60 மாணவர் சேரும் ஒரு பிரிவை எண்ணிப் பாருங்கள். நான்காண்டுக்கும் 240 பேர். பழைய கணக்கில் 16 ஆசிரியர். புதிய கணக்கில் 12 பேர். ஒரு வரி திருத்தத்தில் பிரிவுக்கு நால்வர் வேண்டாதவராயினர்.

அரசுப் பல்கலைக் கழகங்களின் நிலை வேறு வகை. அங்கே பதவி உண்டு. அதில் அமர்த்த ஆள் எடுப்பதில்லை. தெலங்கானாவில் 1,061 இடங்களை நிரப்ப 2017இல் அனுமதி தரப்பட்டது. வழக்குகளும் தாமதமும் குறுக்கிட்டன. பல்கலைக் கழகங்களுக்கெல்லாம் பொதுவான தேர்வு வாரியம் அமைக்கும் மசோதா 2022 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்போது ஆளுநராயிருந்த தமிழிசை சௌந்தரராசன் விளக்கங்கள் கேட்க, அதுவும் நின்றது. இவ்வாறு ஆண்டுகள் கழிய, ஓய்வு பெற்றோரின் வகுப்புகளை ஒப்பந்த ஆசிரியர்களே தாங்கி வந்தனர். அவர்களுள் பலர் டாக்டர் பட்டம் பெற்றவர்கள், தலை நரைத்தவர்கள்.

நம் தாய் மாநிலமும் இதில் பின்தங்கவில்லை. புதிதாகச் சேரும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாயும், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேற்படாமலும் தரலாம் என்று மானியக் குழு 2019 சனவரியில் எழுதியது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் தொகுப்பூதியம் 2023இல் 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்ந்த பின்னும் அஃது அந்த வரம்பில் பாதியே. ஒப்பந்த ஆசிரியர் மொத்த இடங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகலாகாது என்று மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதியில் இருந்தது. 2025 சனவரியில் வெளியிட்ட வரைவிலோ அவ்வரம்பு இடம்பெறவில்லை.

நம் பிள்ளைகள் மேற்படிப்புக்குச் செல்லும் அமெரிக்காவிலும் இதே போக்குத்தான். அந்நாட்டுப் பல்கலைக் கழகப் பேராசிரியர் சங்கத்தின் கணக்குப்படி, நிரந்தர உரிமையற்ற ஆசிரியர் 1987இல் நூற்றுக்கு ஏறக்குறைய 47 பேர். 2021இல் 68 பேர். ஆதலின் கடல் கடந்தால் இக்கவலை தீரும் என்று எண்ணுதற்கும் இடமில்லை.

“தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளர் இல்லையா? கல்லூரியில் மட்டும் ஏன் கூடாது?” என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் கருவி அறையில் இருந்தவன்; அவ்வனுபவத்தைக் கொண்டே விடை சொன்னேன். பொதி சுமக்கவும், பெயிண்ட் அடிக்கவும் வெளியாட்களை வைத்தோம். ஆனால் அச்சுக் கருவி செய்யும் மேஸ்திரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றியதில்லை. ஓர் அச்சில் மயிரிழை பிசகினாலும் அதிலிருந்து வரும் ஆயிரம் உறுப்புகளும் பிசகும். கற்பிப்போனும் அத்தகையவனே. முதலாண்டில் கணக்கில் தடுமாறிய மாணவனை மூன்றாமாண்டில் நினைவு வைத்துக் கைதூக்கிவிட, அந்த ஆசிரியர் மூன்றாமாண்டும் அங்கே இருக்க வேண்டுமன்றோ?

இன்னொரு கேடும் விளைந்தது. இருக்க வேண்டிய ஆசிரியர் இல்லாத இடத்தைப் பெயர்கள் நிரப்பலாயின. ஆதார் எண்ணைக் கொண்டு ஒப்பிட்டதில் ஏறக்குறைய 80,000 ஆசிரியர் பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்ததாக 2018 சனவரியில் மத்திய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் தெரிவித்தார். அண்ணா பல்கலைக் கழகத்தின்கீழ் 224 பொறியியற் கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததாக 2024 சூலையில் அறப்போர் இயக்கம் குற்றஞ்சாட்டியது. பல்கலைக் கழகம் விசாரணையில் இறங்க நேர்ந்தது.

இச்செய்திகள் என் மனத்தில் இருந்தபோதுதான் எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. பதினைந்தாண்டுக்குக் குறையாத உயர்நிலைத் தொழிலனுபவம் உடையோரைப் ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்னும் பெயரில் கல்லூரிகள் அமர்த்திக்கொள்ள மானியக் குழு 2022இல் வழி செய்தது. நல்ல ஏற்பாடு, பட்டறையின் அறிவு வகுப்பறைக்குள் வரும். முறையான பதவிகளைக் குறைக்காமல், அவற்றுக்கு மேற்பட்டே இவர்களை வைக்க வேண்டும் என்பதும் அந்நெறிகளில் உண்டு. ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் சம்பளமின்றிக் கௌரவப் பதவியாக இதனை ஏற்குமாறு கேட்டார்கள். ஆய்வுக் குழு வருமுன் என் சான்றிதழ்களின் நகலும் புகைப்படமும் வேண்டும் என்றார்கள். “உங்கள் இயந்திரவியல் பிரிவில் நிலையான ஆசிரியர் எத்தனை பேர்?” என்று கேட்டேன். “அது நிர்வாகத்தின் விஷயம், சார்” என்றார் வந்தவர்.

சனிக்கிழமைதோறும் பட்டறையில் மாணவருக்குச் சொல்லித்தர வருகிறேன். ஆனால் முறையான ஆசிரியர் பட்டியலில் என் பெயரைச் சேர்ப்பதில்லை என்று எழுதித் தாருங்கள் என்றேன். இரண்டு வாரம் கழித்து, வேறொருவர் கிடைத்துவிட்டார் என்று தொலைபேசியில் தெரிவித்தனர். என் மகள் இதைக் கேட்டு, “நீங்கள் போகாததால் அங்கே என் போன்ற ஒருவருக்கு வேலை கிடைத்துவிடப் போவதில்லை அப்பா, அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நல்ல பாடம் போயிற்று” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. அப்பிள்ளைகளை எண்ணி எனக்கும் வருத்தமே. எனினும், இல்லாத ஆசிரியருக்குப் பதிலாக என் புகைப்படம் ஒட்டப்படுவதற்கு நான் இசையேன்.

அன்பர்களே! நம் இளைஞர் இவ்வுத்தியோகத்தை வெறுத்து ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மன விருப்பம் உடையோர் அவசியம் வர வேண்டும். வருமுன் சில கேள்விகளைத் தெளிவாகக் கேட்கட்டும். இப்பதவி அனுமதிக்கப்பட்ட நிரந்தர இடமா, ஒப்பந்தமா? நியமன ஆணையில் சம்பள விகிதமும் சேமநல நிதியும் எழுதப்பட்டுள்ளனவா? கோடை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? மூலச் சான்றிதழ்களைக் கேட்டால், சரிபார்த்தவுடன் திருப்பித் தருமாறு வற்புறுத்துங்கள். டாக்டர் பட்டத்தைப் பற்றியும் செய்தி அறிந்திருத்தல் வேண்டும். பல்கலைக் கழக உதவிப் பேராசிரியர்க்கு அது கட்டாயம் என்று வைத்த விதியை மானியக் குழு 2023 சூலையில் மாற்றி, தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேறுவதைக் குறைந்தபட்சத் தகுதியாக்கியது. ஆதலின் ஆராய்ச்சி முடியட்டும் என்று காத்திராமல் அத்தேர்வை இளமையிலேயே எழுதிவிடுதல் நன்று.

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கட்டடத்தின் உயரத்தையும், சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற விளம்பரத்தையும் பார்க்கிறோம். அதனோடு, இப்பிரிவில் ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பணியாற்றும் ஆசிரியர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். முடிந்தால் இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு மாணவரைத் தனியே விசாரியுங்கள். ஒரே பாடத்துக்கு ஓராண்டில் எத்தனை ஆசிரியர் மாறினர் என்பதை அவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். பல பெற்றோர் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், நல்ல ஆசிரியரை நிறுத்தி வைப்பதும் தங்களுக்கு இலாபமே என்பதை நிர்வாகங்கள் உணரக்கூடும்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இத்துறையில் இருப்போர் பலர் உண்டு. அவர்கள் தம் அனுபவங்களை இவ்விதழுக்கு எழுதினால், அடுத்த சூன் மாதச் சேர்க்கைக்கு முன்னர் அது பலருக்கும் வழிகாட்டியாக உதவும்.