லைட்னிங் கால், டெல்லி

1984 அக்டோபர் முழுக்கவே வெளியூர் கால்களை இணைத்துக்கொடுக்கும் எங்கள் சென்னை டிரங்க் போர்டில் மூச்சுவிட நேரமில்லை. மாதத் தொடக்கத்தில் எம்.ஜி.ஆரை அப்போலோவில் சேர்த்திருந்தார்கள். “தலைவர் எப்படிம்மா இருக்கார்?” என்று கால் புக் செய்வதை விட்டுவிட்டு எங்களிடமே கேட்டவர்கள் உண்டு. டெலிபோன் ஆபரேட்டருக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அதில் பாதி உண்மையும்கூட.

31ஆம் தேதி காலை டியூட்டி. டெல்லி பக்கத்து விளக்குகள் ஒன்றுகூட அணையவில்லை. வெளியூருக்கு நேரடியாக டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்திருந்தது என்றாலும் பல வீட்டுப் போன்களில் அந்த வசதி கிடையாது. இருந்தவர்களும் டயலைச் சுழற்றி அலுத்துப்போய் எங்களிடம்தான் வந்தார்கள். டெல்லியில் எதிர்முனையில் இருந்த ஆபரேட்டர் பெண்ணின் முகத்தை நான் பார்த்ததே இல்லை, குரல் மட்டும் பழக்கம். “மெட்ராஸ், லைன் தர முடியாது. மேடத்தைச் சுட்டுவிட்டார்கள்” என்றாள் இங்கிலீஷில். பிரதமர் இந்திரா காந்தியைச் சுட்டது அவருடைய சீக்கியப் பாதுகாவலர்களே என்பது அடுத்தடுத்த கால்களில் தெரிந்தது.

கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. அப்போதிருந்த 1885ஆம் வருஷத்து டெலிகிராப் சட்டப்படி அது ஜெயிலுக்குப் போகிற குற்றம். ஆனாலும் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முகத்திலும் செய்தி எழுதி ஒட்டியிருந்தது. மத்தியானம் பி.பி.சி. சொல்லிவிட்டது. நம் வானொலி அதிகாரபூர்வமாக வாய் திறக்கும்போது மாலை 6 மணி. காலையிலேயே நடந்த கொலையை அவ்வளவு நேரம் மூடிவைத்ததால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வதந்திக்கு மட்டும் நல்ல வசதியாகப் போயிற்று.

மறுநாள் வந்த கால்கள் வேறு மாதிரி. டெல்லியில் சீக்கியர்களைத் தாக்கத் தொடங்கியிருந்தார்கள். மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்த ஒரு சர்தார்ஜி டெல்லிக்கு லைட்னிங் கால் புக் செய்தார். சாதாரணக் காலைப்போல எட்டு மடங்கு கட்டணம். தம்பி வீட்டில் போன் இல்லை, கொடுத்தது எதிர்வீட்டு பி.பி. நம்பர். யமுனைக்கு அந்தப் பக்கம். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. டிக்கெட்டில் ‘நோ ரிப்ளை’ என்று எழுதிவிட்டு அவரிடம் சொன்னேன்.

“இன்னொரு தடவை பாரும்மா.”

பார்த்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய மெட்ராஸ் தமிழ் அன்று முழுக்க என் காதில் இருந்தது. சாயங்காலம் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, “உயிரோட இருக்காங்களான்னு மட்டும் தெரிஞ்சா போதும்” என்றார். டெல்லிப் பெண்ணிடம் விசாரித்தேன். அவள் பேச்சைக் குறைத்திருந்தாள். “பஸ் இல்லை. இரண்டு நாளாக நான் வீட்டுக்கே போகவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் புகை தெரிகிறது” என்றாள், அவ்வளவுதான்.

நவம்பர் 3, இந்திரா காந்தியின் இறுதிச்சடங்கு நாள். இரவுக்குள் அந்த நம்பர் கிடைத்துவிட்டது. கேட்டவர் லைனுக்கு வந்துவிட்டாரா என்று உறுதி செய்த பிறகே நாங்கள் விலக முடியும், அதனால் பேச்சு என் காதில் விழுந்தது. எதிர்வீட்டுக்காரர் இந்தியில், குரலை அடக்கிக்கொண்டு, “எல்லோரும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். தம்பியை மட்டும் காணோம். இந்த நம்பருக்கு இனிமேல் கூப்பிடாதீர்கள்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மூன்று நிமிஷம் ஒரு யூனிட். அதில் கால்வாசிகூட ஆகவில்லை. சர்தார்ஜி, “தேங்க்ஸ்ம்மா” என்றார். அதற்குப் பிறகு அவர் பெயரில் டிக்கெட் எதுவும் என் கைக்கு வரவில்லை. தம்பி கிடைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் வேலையே அப்படித்தான். எல்லார் வீட்டுக் கதையிலும் நடுப்பக்கம் மட்டும்தான் நமக்குக் கிடைக்கும்.

டெல்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர்கள் 2,733 பேர் என்று அரசே பின்னால் கணக்குச் சொன்னது. அந்தப் படுகொலை வழக்கொன்றில் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது 2018 டிசம்பரில். இடையில் 34 வருஷம். அதற்குள் டிரங்க் போர்டு போய்விட்டது, எஸ்.டி.டி. பூத்துகள் வந்து அவையும் போய்விட்டன, நானும் ரிட்டையர் ஆகிவிட்டேன். இவ்வளவு தாமதமாக வந்ததை நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.