மேல் வீட்டுக் காலடி

வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், வாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள், டைல்ஸைத் தட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டில் ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் நின்று கேட்கிறவரை நான் பார்த்ததில்லை. சென்னைப் புறநகரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக்குக் குடிவந்த பிறகு, வீடு வாங்கும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

எங்கள் ஹாலில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுப் பையன் வாய்விட்டுப் படிக்கும் வேதியியல் பாடம் வரி பிசகாமல் கேட்கிறது. யார் வீட்டுக் குக்கரோ விசிலடிக்க, நம் அடுப்போ என்று எழுந்து போகிறோம். மேல் வீட்டில் விடிகாலையில் இஞ்சி நசுக்கினால் எங்கள் படுக்கைக்கு மேலே இடி விழுகிறது. இதில் எதுவும் யாருடைய அடாவடியும் இல்லை. படிப்பதும் சமைப்பதும் வீட்டில் செய்யாமல் எங்கே செய்வது?

பழைய சென்னை வீடுகளில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் கூரையைத் தாங்கியது. இப்போது தூணும் உத்தரமும் பாரத்தை வாங்கிக்கொள்வதால் சுவர் இடைவெளியை அடைத்தால் போதும். எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே இருப்பது நாலு அங்குல ஏ.ஏ.சி. பிளாக். நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்த கல்; வெயிலை நன்றாகத் தடுக்கும், கட்டடத்தின் எடையையும் குறைக்கும். ஆனால் காற்றில் வரும் சத்தத்தை முதலில் தடுப்பது எடைதான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் வரும். எங்கள் சுவர் பூச்சையும் சேர்த்து ஏறக்குறைய 100 கிலோ. எடை பாதியானால் தடுப்பு 5, 6 டெசிபல் குறையும். கால்வாசியானால் 10 டெசிபலுக்கு மேல் போய்விடும். காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம். போதாததற்கு இரண்டு வீட்டு ஸ்விட்ச் பெட்டிகளையும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாகப் பதித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் சுவர் என்று சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை.

சுவரில் நுரைப் பஞ்சு ஒட்டச் சொல்லிப் பலர் யோசனை தருகிறார்கள். காசுக்குக் கேடு. பஞ்சும் திரைச்சீலையும் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் விழுங்கும். ஹார்வர்டில் வாலஸ் சபின் 1895 முதல் நாற்காலி மெத்தைகளை அடுக்கி அடுக்கி ஆராய்ந்தது அந்த எதிரொலியைத்தான். அடுத்த அறைக்குப் போகும் சத்தத்தை நிறுத்தக் கனம் வேண்டும், ஓட்டை இல்லாமலும் இருக்க வேண்டும். எங்களுக்குப் பலன் தந்தவை இரண்டு: வாசல் கதவின் நாலு பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டியது, ஸ்விட்ச் பெட்டிகளைக் கழற்றிப் பின்னால் இருந்த ஓட்டைகளைக் கலவை வைத்து அடைத்தது. வேதியியல் இப்போதும் கேட்கிறது, வார்த்தை பிடிபடுவதில்லை.

காலடிச் சத்தத்தின் கதை வேறு. அது காற்றில் வருவதில்லை. கான்கிரீட்டுக்குள்ளேயே இறங்கி, உத்தரம் வழியாகப் பக்கவாட்டிலும் ஓடுகிறது. கீழே இருப்பவர் ஃபால்ஸ் சீலிங் போட்டாலும் பெரிதாகக் குறையாது. அடி விழும் இடத்தில், டைல்ஸுக்கு அடியில், ரப்பரோ அதுபோன்ற மெத்தென்ற அடுக்கோ போட்டிருக்க வேண்டும். வேதனை கீழ் வீட்டில், மருந்து மேல் வீட்டில். என்னைக் கோபப்படுத்துவது இதுதான். கட்டும்போது ஓர் அடுக்கை விட்டுவிட்டு, அதன் விளைவைத் தீர்த்துக்கொள்ளும் பொறுப்பை அறிமுகமே இல்லாத இரண்டு குடும்பங்களின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

மேல் வீட்டு அக்காவிடம் பேசப் போனபோது அவரே ஆரம்பித்தார். "பையனை எந்நேரமும் ஓடாதே, குதிக்காதேன்னு அதட்டிக்கிட்டே இருக்கேன் தம்பி. சொந்த வீட்டுலயே குதிகாலைத் தூக்கிக்கிட்டு நடக்குறான், பாவம்." நாலு வயதுக் குழந்தை. அவன் ஓடும் சத்தத்தைவிட அந்தக் காட்சி என்னை அதிகம் வருத்தியது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 முதல் புது அடுக்குமாடிகளில் இரு வீடுகளுக்கு நடுவிலான சுவர் குறைந்தது 45 டெசிபல் தடுக்க வேண்டும். மாடித்தளத்துக்கும் தனி வரம்பு உண்டு. தென் கொரியாவில் மாடிச் சத்தம் பெரிய சமூகப் பிரச்சினையாகி, 2022 முதல் கட்டி முடித்த தளத்தையே சோதிக்கும் முறை வந்தது. நம் 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் ஒலித் தடுப்புக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் சாவி கொடுக்கும் நாளில் அதை அளந்து காட்டச் சொல்லி எங்கள் வளாகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. ஒலிபெருக்கிக்காரரிடம் அதைக் காட்டலாம். ஒரு குழந்தையின் காலடிக்கு எதைக் காட்டுவது? அளந்து பார்க்காமல் கட்டட நிறைவுச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சி. கூரை ஒழுகினால் கேள்வி கேட்கிறோம். தூக்கம் ஒழுகிப் போவதற்கும் கேட்க வேண்டும்.

அக்கா வீட்டில் நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டிவிட்டோம். இடிகல்லுக்கு அடியில் கனமான ரப்பர் மேட் போட்டார்கள். இஞ்சிச் சத்தம் நன்றாகவே இறங்கிவிட்டது. பையன் ஓடும் நடைவழிக்குத் தடித்த ஜமக்காளம் வந்திருக்கிறது. இனி யார் டைல்ஸ் மாற்றினாலும் அடியில் ரப்பர் விரிப்பு போட்டே ஆக வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் எழுதிக்கொடுத்தோம். சிலர் செலவைச் சொல்லி முணுமுணுத்தாலும் தீர்மானம் நிறைவேறியது. ஃப்ளஷ் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் குழாய் எங்கள் குளியலறைக் கூரைக்கு மேலே ஓடுகிறது; சீலிங்கைப் பிரித்து, குழாயைச் சுற்றி ராக்வூலும் அதன்மேல் கனமான உறையும் சுற்ற வேண்டும். பொங்கல் கழிந்ததும் பிளம்பர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். செலவில் பாதியை மேல் வீட்டுக்காரர்கள் தாங்களாகவே ஏற்றுக்கொண்டார்கள்.